சராசரி 94, ஆனாலும் திக்கல்: ஒரு மேசைக் கணினியைச் சரிசெய்த பதிவு

நேற்றிரவு என் கணினி விளையாட்டில் அதே சேமிப்பைத் திறந்து, அதே மூன்று நிமிடப் பாதையில் வண்டியை ஓட்டிப் பதிவு செய்தபோது, 50 மில்லி விநாடியைத் தாண்டிய ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப் படம்) ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் அதே பாதையில் பதினேழு இருந்தன. இடையில் செலவான நேரத்தைக் குறிப்பேட்டில் கூட்டிப் பார்த்தால் முப்பத்தொரு மணி நேரம் வருகிறது. அதில் பாதிக்கு மேல், கோளாறு இல்லாத இடங்களில் தேடியதற்கே போய்விட்டது. இதே தொல்லையில் இருக்கும் வேறொருவருக்கு அந்த நேரம் மிச்சமாகட்டும் என்பதால், தவறிய இடங்களையும் மறைக்காமல் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கணினி புதியதும் இல்லை, மிகப் பழையதும் இல்லை. ஆறு கோர் பிராசசர், 8 ஜிபி நினைவகம் கொண்ட கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ரேம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் இருக்கும் சிறிய எம்.2 எஸ்.எஸ்.டி., விளையாட்டுகளுக்கென்று 7200 சுழற்சி வேகத்தில் ஓடும் 2 டிபி ஹார்டு டிஸ்க் ஆகியவை அதில் உள்ளன. பரந்த நிலப்பரப்பில் வண்டி ஓட்டித் திரியும் ஒரு விளையாட்டில்தான் தொல்லை வெளிப்பட்டது. திரையின் மூலையில் விநாடிக்கு 94 ஃப்ரேம் என்று எண் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது படம் ஒரு கணம் உறைந்து, பிறகு விட்ட இடத்தைத் தாண்டி எகிறும். ஆட்டக்காரர்கள் ஸ்டட்டர் என்று சொல்லும் இந்தத் திக்கல் சில நேரம் கண்ணுக்கு மட்டும் உறுத்தும். சில நேரம் வண்டியையே சுவரில் கொண்டுபோய் மோதவைக்கும்.

முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுபோல், காட்சித் தரத்தைக் குறைத்தது. நிழல், பிரதிபலிப்பு, புல்வெளி எல்லாவற்றையும் ஒவ்வொரு படி இறக்கியதும் மூலையில் இருந்த எண் 130-ஐத் தொட்டது, திக்கலோ அப்படியே இருந்தது. சொல்லப்போனால் முன்பைவிட அதிகமாகத் தெரிந்தது. மற்ற ஃப்ரேம்கள் விரைவாக ஓடும்போது நடுவே நிற்கும் ஒன்று கண்ணில் கூடுதலாக உறுத்துகிறது. சராசரி எண் எனக்கு எதையும் சொல்லவில்லை என்பதை அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்துகொள்ளாமல், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் மேல் சந்தேகப்பட்டேன்.

டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியைக் கொண்டு, சேஃப் மோடில் பழைய டிரைவரை முற்றிலும் துடைத்துவிட்டுப் புதியதை நிறுவினேன். அன்று மாலை விளையாட்டு முன்பைவிட மோசமாகத் திக்கியது. புதிய டிரைவர்தான் கெட்டது என்று முடிவு செய்து முந்தைய பதிப்புக்குத் திரும்பினேன், அதுவும் மோசமாகவே ஓடியது. டிரைவரை மாற்றும் ஒவ்வொரு முறையும் முன்பே தயாரித்து வைக்கப்பட்டிருந்த ஷேடர் கேஷ் (காட்சி விளைவுகளை வரையும் ஷேடர் என்ற சிறு நிரல்களின் சேமிப்பு) பயனற்றுப்போகிறது என்பதும், ஒவ்வொரு காட்சி விளைவும் முதன்முறை தோன்றும்போது அதற்கான ஷேடரைக் கணினி மறுபடி தொகுக்க வேண்டியிருப்பதால் முதல் ஓட்டம் எப்போதும் திக்கும் என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. இரண்டு டிரைவர்களையும் அவற்றின் முதல் ஓட்டத்தை மட்டும் வைத்து எடைபோட்டிருந்தேன்.

அடுத்த வார இறுதியில் விண்டோஸையே அழித்துப் புதிதாக நிறுவினேன். ஏழு மணி நேரம் போனது. பலன் எதுவும் இல்லை. அந்தப் புதிய விண்டோஸில் நான் முதல் வேலையாக நிறுவியவை எவை என்று அப்போது பட்டியலிட்டிருந்தால், ஒரு காரணம் அன்றே பிடிபட்டிருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை உருப்படியாகத் தொடங்கியது அளக்கத் தொடங்கிய பிறகுதான். கேப்ஃப்ரேம்எக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். ஒவ்வொரு ஃப்ரேமும் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று அது தனித்தனியாகப் பதிவு செய்து வரைபடமாகக் காட்டும். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.67 மில்லி விநாடி, 144 என்றால் 6.94. என்னுடைய 94-க்கு ஏறத்தாழ 10.6 வர வேண்டும். விளையாட்டில் ஒரு சேமிப்பை வைத்து, அங்கிருந்து நகரத்தின் நடுச்சாலை, பாலம், சந்தை, மலைப்பாதை என்று சரியாக 180 விநாடியில் முடியும் ஒரு பாதையைத் தீர்மானித்துக்கொண்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நான்கு முறை ஓட்டி, முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், மீதி மூன்றின் நடு மதிப்பைக் குறிப்பேட்டில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். எழுதியவை ஐந்தே பத்தி: தேதி, செய்த மாற்றம், சராசரி, 99 விழுக்காட்டு ஃப்ரேம் நேரம், 50 மில்லி விநாடியைத் தாண்டிய ஃப்ரேம்களின் எண்ணிக்கை. நூறு ஃப்ரேமில் தொண்ணூற்றொன்பது எந்த அளவுக்குள் முடிகின்றன என்பதைக் காட்டும் அந்த நான்காவது பத்திதான் கண் உணர்வதற்கு மிக அருகில் வருகிறது. முதல் நாள் எழுதிய வரி: சராசரி 94, 99 விழுக்காட்டில் 24.4 மில்லி விநாடி, எண்ணிக்கை 17.

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் ஒரே திக்கல் என்று நினைத்தது குறைந்தது இரண்டு வகையாக இருந்தது. சுமார் 35 மில்லி விநாடி உயரத்தில் வேலிக்கால் நட்டதுபோல் சம இடைவெளியில் சிறு கோடுகள் நின்றன. அளந்தால் ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு விநாடி. அவற்றுக்கு நடுவே, எந்த ஒழுங்கும் இல்லாமல், 180 முதல் 400 மில்லி விநாடி வரை போகும் பெரிய கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. விளையாட்டுக்குள் நடக்கும் எதுவும் நிமிடக்கணக்காக இரண்டு விநாடிக்கு ஒருமுறை தவறாமல் நடக்காது. எனவே வேலிக்கால்கள் விளையாட்டுக்கு வெளியே கடிகாரம் வைத்து ஓடும் வேறொன்றின் வேலை என்று முடிவு செய்து, முதலில் அதைத் தேடினேன்.

பின்னணியில் பதினான்கு நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக மூடாமல், ஏழை மூடிப் பார்த்தேன், கோடுகள் மறையவில்லை என்றதும் அவற்றைத் திறந்துவிட்டு மற்ற ஏழை மூடினேன், மறைந்தன. அந்த ஏழை மறுபடி பாதியாகப் பிரித்து, இப்படியே நான்கு சுற்றில் ஒரே நிரலுக்கு வந்து சேர்ந்தேன். அது வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் காட்டும் கண்காணிப்பு மென்பொருள். புதிய விண்டோஸில் நான் முதலில் நிறுவியதும் அதுதான். மதர்போர்டில் உள்ள சில சென்சார்களை மெதுவான ஒரு தடத்தின் வழியாகத்தான் படிக்க முடியும். படித்து முடியும்வரை மற்ற வேலைகள் காத்திருக்கின்றன. ஊகத்தை உறுதிசெய்ய, அது சென்சார்களைப் படிக்கும் இடைவெளியை இரண்டு விநாடியிலிருந்து பத்து விநாடியாக மாற்றிப் பதிவு செய்தேன். வேலிக்கால்கள் பத்து விநாடிக்கு ஒன்றாக விலகி நின்றன. வேறு சாட்சி தேவைப்படவில்லை. அந்த மென்பொருளை நீக்காமல், மதர்போர்டின் மின்னழுத்த சென்சார்களைப் படிக்க வேண்டாம் என்று மட்டும் அமைத்தேன். 99 விழுக்காட்டு நேரம் 21.3-க்கு இறங்கியது. பெரிய கோடுகள் பதினேழும் அப்படியே இருந்தன.

கோளாறைக் கண்டுபிடிக்க நான் திறந்துவைத்த கருவியே ஒரு கோளாறாக இருந்தது என்பது எனக்குப் பெரிய பாடம். அதற்குப் பிறகு எந்த அளவீட்டையும் கண்காணிப்புக் கருவியோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை என்று இரண்டு விதமாக எடுத்தேன்.

அடுத்ததைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தபோது ரேமின் வேகம் 2133 என்று இருந்தது. நான் வாங்கியது 3200. ரேமின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் தானாகக் கிடைப்பதில்லை. கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் கிடைக்கும். எப்போதோ பயாஸைப் புதுப்பித்தபோது அந்த அமைப்பு பழைய நிலைக்குப் போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. கணினி உறுப்புகளின் விவரம் காட்டும் சிபியு-இசட்டைத் திறந்து பார்த்தால் அதைவிடக் கவலையான செய்தி இருந்தது: நினைவகம் ஒற்றைச் சேனலில், அதாவது பிராசசருக்குச் செல்லும் இரண்டு தடங்களில் ஒன்றில் மட்டும், ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஒரே ரேம்தான் இருந்தது. ஓராண்டுக்கு முன் இரண்டாவதை வாங்கி, முதலாவதுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்திலேயே செருகியிருந்தேன். நான்கு இடம் உள்ள மதர்போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணினால் முதல் இரண்டும் பொதுவாக ஒரு சேனல், அடுத்த இரண்டும் இன்னொரு சேனல். இரண்டு ரேம் மட்டும் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் ஏ2, பி2 என்று குறிக்கப்பட்ட இரண்டாவது, நான்காவது இடங்களில்தான் செருக வேண்டும்.

இது சிறிய வேறுபாடு இல்லை. ஒற்றைச் சேனலில் 2133 வேகத்தில் ஓடும் ரேம் விநாடிக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 17 ஜிபி தரவைக் கடத்தும். இரட்டைச் சேனலில் 3200 என்றால் 51.2 ஜிபி. மூன்று மடங்கு. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்னை வெளியேற்றிய பிறகு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமை மாற்றினேன். ஆன் செய்ததும் திரையில் எதுவும் வரவில்லை. நான்காவது இடத்தில் இருந்தது ஒரு பக்கம் முழுமையாக அமரவில்லை. கூலரின் விசிறி மறைத்ததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்து, இரு முனையிலும் கட்டைவிரலால் ‘டக்’ என்று ஒலி கேட்கும்வரை அழுத்திய பிறகு படம் வந்தது. எக்ஸ்எம்பியை இயக்கி, அன்றிரவு முழுவதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓடவிட்டேன். இலவசப் பதிப்பு அனுமதிக்கும் நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்தன. சிபியு-இசட்டில் இப்போது வேகம் 1600 என்று காட்டியபோது ஒரு நொடி பதறினேன். டிடிஆர் நினைவகத்தின் உண்மைக் கடிகார வேகத்தை அது காட்டுவதால், அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

குறிப்பேட்டு வரி: சராசரி 108, 99 விழுக்காட்டில் 16.9, எண்ணிக்கை 15. செலவு எதுவும் இல்லாமல் கிடைத்த மாற்றங்களில் இதுவே பெரியது. வண்டி ஓட்டும்போது கையிலேயே வேறுபாடு தெரிந்தது. ஆனால் அந்தப் பெரிய கோடுகள் பதினைந்து இன்னும் இருந்தன, அவைதான் வண்டியைச் சுவரில் மோதவைப்பவை.

அவற்றைத் தேடியபோது குற்றமற்றவை என்று தள்ளியவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பிராசசரின் வெப்பம் ஒரு மணி நேர ஆட்டத்துக்குப் பின்னும் 78 பாகையைத் தாண்டவில்லை, கடிகார வேகமும் இறங்கவில்லை. பவர் பிளான், விண்டோஸின் கேம் மோட், கிராபிக்ஸ் பணிகளை வன்பொருளே திட்டமிடும் அமைப்பு ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்ததில் அளவீட்டில் அசைவே இல்லை. மவுஸ் தன் நிலையைக் கணினிக்குச் சொல்லும் போலிங் வேகத்தை 1000 ஹெர்ட்ஸிலிருந்து 500-க்கு இறக்கியதும் அப்படித்தான். பிராசசரோடு வரும் பாதுகாப்பு வசதியான எஃப்டிபிஎம் காரணமாகச் சில கணினிகள் ஒலியோடு சேர்ந்து உறையும் கோளாற்றை ஏஎம்டி நிறுவனம் 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டதும், அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து பயாஸ் புதுப்பிப்புகள் அதைத் தீர்க்கத் தொடங்கியதும் பலருக்கு நினைவிருக்கும். என் பயாஸ் அதற்குப் பிந்தையது, அதனால் அதையும் தள்ளினேன்.

லேட்டன்சிமான் என்ற கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டபோது நான் செய்த பிழையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எந்த டிரைவர் பிராசசரை நெடுநேரம் பிடித்துவைக்கிறது என்று வரிசைப்படுத்திக் காட்டுவது அதன் வேலை. பட்டியலின் முதலிடத்தில் வலையமைப்பு டிரைவர் இருந்தது. உடனே அதைப் புதுப்பித்து, வைஃபையை அணைத்துவிட்டுக் கம்பி இணைப்புக்கு மாறி, இரண்டு மணி நேரம் செலவழித்தேன். பெரிய கோடுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதே பட்டியலின் இரண்டாவது இடத்தில் சேமிப்புச் சாதனங்களைக் கையாளும் ஸ்டோர்போர்ட் டிரைவர் இருந்ததைத் திரையோடு படம் பிடித்தும் வைத்திருந்தேன். முதல் பெயரோடு நிறுத்திக்கொண்டு அதைக் கடந்துபோனேன். அன்று அந்த இரண்டாவது வரியைப் படித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தைப் பார்த்தேன். 8 ஜிபியில் 7.7 நிரம்பியிருந்தது. அது நிரம்பி வழிந்தால் மீதித் தரவு கணினியின் ரேமுக்குப் போய்விடும். அங்கிருந்து, கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐஇ தடத்தின் வழியாக வருவது கார்டின் சொந்த நினைவகத்திலிருந்து வருவதைவிடப் பல மடங்கு மெதுவாக இருக்கும். பொருள்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சரின் தரத்தை மட்டும் ஒரு படி குறைத்ததில் பயன்பாடு 6.4-க்கு இறங்கியது, எண்ணிக்கை 15-லிருந்து 12 ஆனது. படத்தில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை, ஆகவே அந்த அமைப்பை அப்படியே விட்டுவிட்டேன். மூன்று கோடுகளுக்கு விடை கிடைத்தது, பன்னிரண்டுக்குக் கிடைக்கவில்லை.

பிறகு ரிசோர்ஸ் மானிட்டரை இன்னொரு திரையில் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினேன். பாலத்தைக் கடந்து சந்தைக்குள் நுழையும் இடத்தில் படம் உறைந்த அதே கணத்தில் ஹார்டு டிஸ்கின் பயன்பாடு 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டது, பதில் நேரம் 300 மில்லி விநாடியைத் தாண்டியது. இதில் வியப்பு எதுவும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். 7200 சுழற்சி டிஸ்க் ஒருமுறை சுற்ற 8.33 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். தலை நகர்வதற்கு இன்னும் 8 அல்லது 9. சிதறிக் கிடக்கும் ஒரே ஒரு துண்டைப் படிக்கவே என் ஃப்ரேம் நேரத்தைவிட அதிகம் பிடிக்கிறது. கணக்கு அழகாகப் பொருந்தியதால், டிஸ்கின் மெதுவான இயல்புதான் காரணம் என்று முடிவு செய்தேன். 13 மில்லி விநாடியை விளக்கும் கணக்கு 300 மில்லி விநாடியை விளக்காது என்பதை நின்று யோசிக்கவில்லை.

போர்டில் இருந்த ஒரே எம்.2 இடத்தில் விண்டோஸ் இருந்ததால், ஹார்டு டிஸ்கைப் போலவே சாட்டா கேபிளில் இணையும் 1 டிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கினேன். ஹார்டு டிஸ்கிலிருந்து கேபிளைக் கழற்றி அப்படியே எஸ்.எஸ்.டி.யில் செருகி, விளையாட்டை அதில் நிறுவி ஓட்டினேன். திறக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பெரிய கோடுகள் எட்டு மிச்சம் இருந்தன. அவற்றில் இரண்டு பழைய டிஸ்கில் கண்டவற்றைவிட உயரம். தலையே இல்லாத, சுழலவே செய்யாத ஒரு சாதனம் ஒரு துண்டைப் படிக்க 400 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கிறது என்றால் கோளாறு சாதனத்தில் இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள், விண்டோஸ் எழுதிவைக்கும் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். சிஸ்டம் பதிவில் டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 153 என்ற எண்ணுள்ள எச்சரிக்கைகள் பல இருந்தன. படிப்பதற்கான கோரிக்கை மறுபடி அனுப்பப்பட்டது என்பது அதன் பொருள். இடையிடையே, சாதனம் மீட்டமைக்கப்பட்டது என்று சொல்லும் 129 எண்ணுள்ளவையும் இருந்தன. முந்தைய இரவு 9 மணி 14 நிமிடத்துக்கு விளையாட்டு ஒரு முழு விநாடிக்கு மேல் உறைந்ததைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அதே நிமிடத்தில் ஒரு 153 இருந்தது. உடனே டிஸ்குகளின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தேன். இரண்டு சாதனங்களுக்கும் ஆரோக்கியம் நன்று என்று நீல நிறத்தில் காட்டியது. முன்பும் ஒருமுறை இந்த நீலக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். இப்போது கீழே உள்ள பட்டியலை வரி வரியாகப் படித்தேன். கெட்டுப்போய் மாற்றியமைக்கப்பட்ட செக்டார்களை (டிஸ்கின் சிறு பகுதிகளை) காட்டும் 05, ஐயத்துக்குரிய செக்டார்களைக் காட்டும் சி5 ஆகிய இரண்டும் பூஜ்யம். சி7 என்ற வரியில், சாட்டா கடத்தலில் ஏற்பட்ட சிஆர்சி பிழைகளின் (வழியில் தரவு சிதைந்ததைக் காட்டும் பிழைகளின்) எண்ணிக்கையாக, ஹார்டு டிஸ்கில் 1ஏ7 என்று இருந்தது. அந்தப் பத்தி பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில் இருப்பதால் அதை மாற்றிப் பார்க்க வேண்டும்: 423. இரண்டு நாள் முன்பு வாங்கிய எஸ்.எஸ்.டி.யில் 0சி, அதாவது 12.

சாதனத்திலிருந்து கிளம்பிய தரவு போர்டுக்கு வந்து சேரும்போது சிதைந்திருந்தால்தான் இந்த எண் கூடும். சிதைந்த துண்டை மறுபடி கேட்டு வாங்க வேண்டும், அந்தக் காத்திருப்புதான் என் திரையில் உறைந்தது. இரண்டு வெவ்வேறு சாதனங்கள் ஒரே பிழையைக் காட்டுகின்றன என்றால் அவற்றுக்குப் பொதுவானது கேபிளும் போர்ட்டும் மட்டுமே. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன். கிராபிக்ஸ் கார்டின் கீழ் விளிம்பு அந்த சாட்டா கேபிளை, இணைப்பு முனைக்கு மிக அருகில், காகிதத்தை மடித்ததுபோல் மடித்து அழுத்திக்கொண்டிருந்தது. கார்டை மாற்றியபோது நானேதான் அப்படி வைத்துத் திருகியிருக்கிறேன். கேபிளின் முனையில் பிடித்துக்கொள்ளும் உலோகக் கொக்கியும் இல்லை. விரலால் தொட்டாலே ஆடியது.

போர்ட்டை மாற்றாமல் கேபிளை மட்டும் மாற்றினேன். இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரிந்திருக்காது. புதியது 50 சென்டிமீட்டர் நீளம், இருபுறமும் கொக்கி உள்ளது. சாட்டா கேபிள் ஒரு மீட்டர் வரை இருக்கலாம் என்பதால் நீளத்தில் கஞ்சத்தனம் காட்டத் தேவையில்லை. கார்டின் நிழலிலேயே வராதபடி போர்டின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுபோய், வளைவுகள் விரல் தடிமனுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். அதே பாதையில் நான்கு ஓட்டம். சராசரி 110, 99 விழுக்காட்டில் 13.7, எண்ணிக்கை 1. எஸ்.எஸ்.டி.யின் சி7 வரி 0சி-யிலேயே நின்றது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எஸ்.எஸ்.டி. உண்மையிலேயே தேவைப்பட்டதா என்ற கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. விளையாட்டை மறுபடி ஹார்டு டிஸ்குக்கு நகர்த்தி, புதிய கேபிளை அதில் செருகி, முறைப்படி நான்கு ஓட்டம் ஓட்டினேன். எண்ணிக்கை 5, ஒன்றுகூட 120 மில்லி விநாடியைத் தாண்டவில்லை. பன்னிரண்டில் ஏழைக் கேபிள் மட்டுமே தீர்த்திருக்கிறது, மிக மோசமானவை எல்லாம் அந்த ஏழில் இருந்தன. மீதி ஐந்தில் நான்கு டிஸ்கின் இயல்பான மெதுவால் வந்தவை, அவற்றுக்கு எஸ்.எஸ்.டி.தான் மருந்து. ஆக வாங்கியது வீணில்லை. ஆனால் அதன் விலையில் இருபதில் ஒரு பங்குகூட வராத கேபிளை முதலில் மாற்றியிருந்தால், நிதானமாக விசாரித்து வாங்கியிருப்பேன்.

எஞ்சிய ஒரு கோடு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. புதிய பகுதிக்குள் முதன்முறை நுழையும்போது வருவதும், மறுமுறை அதே இடத்தில் வராததும் அது ஷேடர் தொகுப்பால் வருவது என்று காட்டுகின்றன. அண்மையில் டிரைவரைப் புதுப்பித்தபோது முதல் ஓட்டத்தில் பதினொன்று வந்து, அடுத்த ஓட்டத்திலேயே ஒன்றாகக் குறைந்தது. கிராபிக்ஸ் கட்டுப்பாட்டுப் பலகையில் ஷேடர் கேஷின் அளவை 10 ஜிபியாகக் கூட்டியதைத் தவிர, இதற்கு என் பக்கத்திலிருந்து செய்ய வேறொன்றும் இல்லை. விளையாட்டை உருவாக்குபவர்கள் தொடக்கத்திலேயே ஷேடர்களைத் தொகுக்கும் வசதியை வைத்தால் அதை முழுமையாக முடியவிட்டுத்தான் ஆட வேண்டும். பொறுமையின்றித் தவிர்ப்பவர்கள் அந்த நேரத்தை ஆட்டத்தின் நடுவே துண்டு துண்டாகச் செலுத்துகிறார்கள்.

கடைசியாக, ரிவாட்யூனர் கொண்டு ஃப்ரேம் எண்ணிக்கையை 90-க்கு வரம்பிட்டேன். சராசரி 110-லிருந்து 90-க்கு இறங்கியும் ஆட்டம் முன்பைவிட வழுவழுப்பாகத் தெரிகிறது. பிராசசருக்கும் கார்டுக்கும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கொஞ்சம் ஓய்வு மிஞ்சுவதால், கனமான காட்சி வரும்போது தடுமாறாமல் அந்த மிச்சத்தைச் செலவிடுகின்றன. ஃப்ரேம் வேகத்துக்கேற்ப மாறும் மானிட்டரின் புதுப்பிப்பு வேகம் 48 முதல் 144 ஹெர்ட்ஸ் வரை என்பதால் 90 அதற்குள் நன்றாகவே அமைகிறது. 99 விழுக்காட்டு நேரம் இப்போது 12.4, சராசரியான 11.1-க்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஒன்றரை மில்லி விநாடிகூட இல்லை. வரைபடம் குளத்து நீர்போல் கிடக்கிறது.

செலவு என்று பார்த்தால் எஸ்.எஸ்.டி., கேபிள் ஆகிய இரண்டு மட்டுமே. மென்பொருள்கள் அனைத்தும் இலவசமாகக் கிடைத்தவை. கருவிகள் ஒரு திருப்புளி, டார்ச், தூசி தட்ட ஒரு மென்மையான தூரிகை, குறிப்பேடு. மறுபடி இப்படி ஒரு தொல்லை வந்தால் வரிசையை அடியோடு மாற்றிக்கொள்வேன். ஃப்ரேம் நேரத்தைப் பதிவு செய்து, கோடுகள் சம இடைவெளியில் உள்ளனவா, இடத்தைப் பொறுத்து வருகின்றனவா, முதல் முறை மட்டும் வருகின்றனவா என்று பிரித்துவிட்டுத்தான் எதையும் தொடுவேன். ஈவென்ட் வியூவரையும் சி7 வரியையும் ரேமின் வேகத்தையும் சேனலையும் முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிடுவேன். கேபினெட்டைத் திறக்காமலே இவை எல்லாம் தெரிந்துவிடும். விண்டோஸை மறுபடி நிறுவுவதைப் பட்டியலின் கடைசியில் வைப்பேன். கிராபிக்ஸ் கார்டை எப்போது கழற்றி மாட்டினாலும், பக்கத் தகட்டை மூடும் முன் அதன் கீழ் விளிம்பைச் சுற்றி ஒருமுறை டார்ச் அடிப்பேன்.

பழைய கேபிளை யாரும் தவறிக்கூட எடுத்து மாட்டிவிடாதபடி நடுவில் வெட்டிப் போட்டுவிட்டேன். சி7 எண்ணிக்கை ஒருமுறை ஏறினால் இறங்காது என்பதால், ஹார்டு டிஸ்கில் அந்த 423 எப்போதும் இருக்கும். அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறேன். ஞாயிறுதோறும் பார்க்கிறேன், இன்றும் 423.